வயல் கஞ்சி ஊற்றும், சம்பளம் கொடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான பகல்நேரக் காப்பகத்தை ஊரார் கூட்டாக வெள்ளாமை செய்து நடத்துகிறார்கள், யாரிடமும் கையேந்தவில்லை என்று கட்டுரையாளர் மனம் நெகிழ்ந்திருந்தார். மக்காச்சோளக் கதிர்க் குவியலுக்குப் பக்கத்தில் பெண்கள் சிரிக்கிற படமும் நன்றாகவே இருந்தது. எனக்குள்ள குறை ஒன்றுதான். கட்டுரை அறுவடை அன்றோடு முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் பதினொரு மாதம் எப்படிப் போகும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர்க்காரன். இங்கே ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், 2013-இல் மலாவி நாட்டின் லிம்பே ஊரில் ஒரு பருப்பு ஆலைக்கு வேலைக்குப் போனேன். கணக்கும் பார்க்க வேண்டும், கொள்முதலுக்கும் போக வேண்டும். 2023 வரை பத்து வருடம். தெற்கு மலாவியில் துவரை நன்றாக விளையும். அங்கே அதற்குப் பெயர் நந்தோலோ. நவம்பர் கடைசியில் முதல் மழைக்கு மக்காச்சோளத்தோடு சேர்த்து அதே பாரில் (மண் அணைத்த மேட்டு வரிசையில்) ஊன்றிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதத்தில் சோளத்தை ஒடித்த பிறகும் துவரை நின்றுகொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் அறுப்பு. நீங்கள் வைக்கிற சாம்பாரில் ஒரு கைப்பிடி அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். கடையில் சில்லறையாக வாங்கும்போது எந்த ஊர்ப் பருப்பு என்று யார் கேட்கிறார்கள்?

லிம்பேயிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் சிராட்சுலு மாவட்டம். வெள்ளைக்காரர்களை எதிர்த்து 1915-இல் கிளர்ந்தெழுந்த பாதிரியார் ஜான் சிலெம்ப்வே இருந்த மாவட்டம். மலாவிப் பணமான குவாச்சா நோட்டில் அவர் முகத்தைப் பார்க்கலாம். ஜனம் மிகுதி, நிலம் கொஞ்சம்.  2015-இல் அங்கே ஒரு ஊரில் எங்கள் லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை நிழல் தேடி ஒரு தேவாலயத்தை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் போனேன். அதுதான் அந்தக் காப்பகம்.

இருபது பிள்ளைகள் இருக்கும். பாதிப் பேருக்கு மூளை முடக்குவாதம். சிலருக்கு வலிப்பு. மூளையைத் தாக்கும் மலேரியாவில் பிழைத்த பிள்ளைகளில் பலருக்குப் பின்னால் வலிப்பும் வேறு குறைபாடுகளும் வருவதைப் பிளான்டயர் குயின் எலிசபெத் மருத்துவமனை மருத்துவர்கள் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். கழுத்து நிற்காத பிள்ளைகளை உட்காரவைக்கப் பழைய அட்டைப்பெட்டிகளை மாவுப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டி நாற்காலி செய்திருந்தார்கள். காய்ந்தால் மரம் மாதிரி ஆகிவிடுகிறது. ஜிம்பாப்வேயில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய முறையாம். அதில் ஒரு நாற்காலியில் எங்கள் ஆலையின் அட்டைப்பெட்டி எழுத்தே தெரிந்தது.

ஒரு தாய் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து ஏழு வயதுப் பையனைச் சரித்து மடியில் வைத்திருந்தாள். இடது கை விரல்கள் அவன் தாடைக்குக் கீழே. வலது கையில் கரண்டி. நுனியில் கொஞ்சம் கஞ்சி எடுத்து வாயின் ஓரத்தில் வைப்பாள். நாக்கு அதை வெளியே தள்ளும். கரண்டி விளிம்பால் வழித்து மறுபடி உள்ளே விட்டு, தாடையை மெல்ல மூடிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சோளமாவும் சோயாமாவும் சேர்த்துக் காய்ச்சி, நிலக்கடலையை இடித்துப் போட்ட கஞ்சி. ஒரு சின்னக் குவளை தீர நாற்பது நிமிடம் ஆனது. அவசரப்பட்டால் புரையேறும், புரையேறினால் நெஞ்சில் சளி கட்டும், பிறகு ஆஸ்பத்திரிதான். எனக்கு இது புதிதில்லை. என் அக்கா மகனுக்கும் இதே நோய். சாத்தூரில் அக்கா இப்படித்தான் காலை நீட்டி உட்கார்ந்து ஊட்டுவாள்.

செலவு என்று வந்தால் அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான் செலவு. கட்டுரையில் அதைக் காணோம். கஞ்சிக்கு மாவு வேண்டும், அதை வயல் கொடுக்கும். ஊட்டுகிறவள் அந்த நேரத்தில் வேறு எங்கும் கூலிக்குப் போக முடியாது. அந்தக் கூலியை யார் கொடுப்பது?

நான் போன காலத்தில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு மாதச் சம்பளம், வலிப்பு மாத்திரை, மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போக சைக்கிள் டாக்ஸி வாடகை. சைக்கிள் பின்சீட்டில் ஆளை ஏற்றிப் போவார்கள், கபாசா என்று பெயர். மூன்று வருடத் திட்டம். 2015-இல் மழைக்கு முன்னால் முடிந்தது. போகும்போது ஆறு ஆடு, இருபது மண்வெட்டி, விதை, இரண்டு மூட்டை உரம் கொடுத்து, இனி நீங்கள் சொந்தக் காலில் நிற்கலாம் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். நிற்கவே முடியாத பிள்ளைகளின் தாய்களிடம் போய் இதைச் சொன்னார்கள். அந்த மொழியில் அது எப்படி ஒலித்ததோ தெரியவில்லை, எனக்குத் தமிழில் உறைத்தது.

ஊர்த்தலைவர் நல்லவர். ஒன்றரை ஏக்கர் ஒதுக்கிக் கொடுத்தார். அந்த மாவட்டத்தில் அது பெரிய கொடை. சரிவு நிலம், கல் பூமி, அரை மணி நேர நடை என்பதெல்லாம் உண்மைதான். நல்ல நிலம் சும்மா கிடக்கிற ஊர் எது? தாய்கள் பத்தொன்பது பேர், தகப்பன்கள் இரண்டு பேர் சேர்ந்து பார் பிடித்தார்கள். முக்கால் மீட்டருக்கு ஒரு பார், கால் மீட்டருக்கு ஒரு சோள விதை, பாட்டில் மூடியால் அளந்து குழிக்குக் குழி உரம். வேளாண் அலுவலர் சொன்னபடியே செய்தார்கள். என் மாமனார் காட்டில்கூட அவ்வளவு ஒழுங்காகப் பார் பிடித்து நான் பார்த்ததில்லை.

தகப்பன்கள் ஏன் இரண்டே பேர் என்று கேட்பீர்கள். பிள்ளைக்கு இப்படி என்று தெரிந்ததும் பலர் போய்விட்டார்கள். அங்கே பெண் வழியில்தான் நிலம். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் ஊருக்கு வந்துதான் இருக்க வேண்டும். ஆகவே அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாலும் வீடும் காடும் அவளோடு நிற்கும். அந்த மட்டில் என் அக்காவைவிட அவர்கள் நிலைமை மேல் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

கணக்கு எழுதத் தெரிந்தவன் என்பதால் அவர்கள் நோட்டை நான்தான் மாதம் ஒருமுறை பார்த்துக் கொடுப்பேன். அதில் அபராதப் பக்கம் ஒன்று. செவ்வாய்க்கிழமை கூட்டுவயலுக்கு வராதவர் அபராதம் கட்ட வேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. விதி இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதும் சரிதான். ஒரு நாள் வேலை இல்லாமல் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கூட்டிப் பார்த்தேன். அதிக அபராதம் கட்டியிருந்த நான்கு பேரும் அதிகம் வலிப்பு வருகிற பிள்ளைகளின் தாய்கள். பிள்ளைக்கு முந்தின இரவு வலிப்பு, காலையில் இவளால் வயலுக்கு வர முடியவில்லை, வராததற்குத் தண்டம். யாருக்காக அந்த வயலோ அவளிடமே அந்த வயல் வசூல் செய்துகொண்டிருந்தது. தாய்மார் குழுத் தலைவிக்குக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு அந்த நான்கு வரியையும் அடித்தாள். அடுத்த வாரமே மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. தங்கள் சொந்தக் காட்டில் களை மண்டிக் கிடக்க இங்கே வந்து வெட்டுகிறவர்கள் அவர்கள்.

2016 ஆகஸ்டில் எட்டு மூட்டை துவரை வந்தது. மூட்டை ஐம்பது கிலோ. அந்தச் சமயம் விலை உச்சத்தில் இருந்தது. முந்தின வருடம் நம் ஊரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய்க்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் ஆப்பிரிக்கா முழுக்க நம் ஆட்கள் சாக்கோடு அலைந்துகொண்டிருந்தோம். எட்டு மூட்டைக் காசில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இரண்டு பெண்களுக்கும் ஒன்பது மாதச் சம்பளம் கட்டியது. ஊரே கொண்டாடியது. உங்கள் கட்டுரையாளர் அந்த வருடம் வந்திருந்தால் இதே கட்டுரையைத்தான் எழுதியிருப்பார், நானும் படம் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அந்த நம்பிக்கையில் அடுத்த வருடம் இன்னும் நன்றாகப் பார்த்தார்கள். சோளம் ஒடித்த பிறகு ஊர் ஆடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள், நிற்கிற துவரையைக் கடித்துவிடும். அதனால் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். மறுபடியும் எட்டு மூட்டைக்குக் கொஞ்சம் மேலேயே கண்டது.

2017 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தில்லியில் ஓர் அறிவிக்கை வந்தது. துவரை இறக்குமதி வருடத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் கூடாது. நம் நாட்டில் அந்த வருடம் விளைச்சல் கொட்டிவிட்டது, விலை விழுந்து நம் விவசாயி அழுதுகொண்டிருந்தான், அதனால் போட்டார்கள். அதில் நான் தப்புச் சொல்லவில்லை. மொசாம்பிக் 2016-லேயே நம் அரசோடு ஒப்பந்தம் போட்டிருந்ததால் அதற்கு வாசல் திறந்திருந்தது. மலாவிக்கு அப்போது அப்படி எதுவும் கிடையாது. அறுத்து, அடித்து, தூற்றி, சாக்கில் கட்டித் தைத்த வாரத்தில் வாசல் மூடிக்கொண்டது.

அந்த ஊருக்கு விலை சொல்லப் போனவன் நான்தான். மாமரத்துக் கிளையில் தொங்கு தராசைக் கட்டினோம். மூட்டைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் சுளகில் இரண்டாம் தடவை புடைத்திருந்தார்கள், ஒரு தூசி இல்லை. முதலாளி சொல்லி அனுப்பிய விலையைச் சொன்னேன். முந்தின வருடத்தில் கால்பங்கு. தலைவி நான் மொழியைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: “அம்வென்யே எல்லாரும் நந்தோலோ சாப்பிடுவதை விட்டுவிட்டீர்களா?” அம்வென்யே என்றால் இந்தியர்கள். என்ன பதில் சொல்வது? ஆறு மூட்டையை விற்றார்கள். இரண்டைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்க வைத்துக்கொண்டார்கள். வந்த காசு இரண்டு மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணவில்லை. டிசம்பரில் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டுக் கன்யுவுக்கு, அதாவது அடுத்தவர் காட்டுக்கு அன்றாடக் கூலியாக, போய்விட்டாள். இருபது பிள்ளைக்கு ஒருத்தி. நாற்பது நிமிடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

விலை விழாத வருடத்திலும் ஒரு இடைஞ்சல் உண்டு. அங்கே ஒரே மழைக்காலம். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. பழைய சோளம் ஜனவரியில் தீரும், புதுசு ஏப்ரலில்தான் வரும். ஆக ஜனவரி முதல் மார்ச் வரை பட்டினி மாதங்கள். களையெடுப்பும் மேலுரமும் அதே மழைக்காலத்தில். கொசுவும் மலேரியாவும் அப்போதுதான். காய்ச்சல் வந்தால் வலிப்பும் கூடும். பிள்ளைக்கு ஆள் அதிகம் தேவைப்படுகிற அந்த நேரத்தில்தான் வயலும் ஆளைக் கேட்கும், கையில் காசும் இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை வரவு, மாதாமாதம் செலவு. என் தொழிலில் இப்படி ஒரு பேரேடு வந்தால் இந்தக் கடை நிற்காது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவோம்.

பிறகு ஒன்று செய்து பார்த்தோம். விருதுநகரில் பிறந்தவனுக்கு மகமை தெரியாமல் இருக்காது. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் இது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையை வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்தினார்கள். அங்கே பிள்ளை படிக்காத வீடும் போட்டது என்று எங்கள் அப்பா பெருமையாகச் சொல்வார். இதை ஊர்த்தலைவரிடம் விளக்கினேன். எங்கள் தராசுக்கு வருகிற ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு தட்டு துவரை காப்பகத்துக்கு. விற்பவர் யாராக இருந்தாலும் சரி. ஆலையும் தன் பங்குக்கு ஒரு தட்டுக்கான விலையை எழுதும் என்று முதலாளியிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். 2018, 2019 இரண்டு வருடம் நடந்தது. சில இடைத்தரகர்கள் கல்லும் பதருமாகத் தட்டை நிரப்பினார்கள். மகமையில் கூட்டிப் பெருக்கியதைப் போடுகிறவன் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் வந்தது. முக்கியமாக, செவ்வாய்க்கிழமை வேலைக்கு வராமலே வந்தது. அடுத்த வருடம் கொள்முதல் வேறு மேலாளர் கைக்குப் போனது, தட்டும் நின்றது. என்னை நம்பி இருந்த ஏற்பாடு என்னோடு போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல். சிராட்சுலு, ஃபலோம்பே, பிளான்டயர் எல்லாம் சின்னாபின்னம். நாட்டில் 600 பேருக்கு மேல் செத்தார்கள். கூட்டுவயல் சரிவில் இருந்ததால் ஒடிக்க இன்னும் சில வாரமே இருந்த சோளமும் துவரையும் மண்ணோடு போயின. கொட்டகை தப்பியது. அந்த வருடக் கடைசியில் நான் ஊர் திரும்பினேன். கிளம்புகிற சமயத்தில்தான் டாலர் விலை 44 சதவீதம் ஏறும்படி குவாச்சா மதிப்பை ஒரே நாளில் சரித்தார்கள், உர மூட்டை எட்டாக்கனி ஆனது. 2024-இல் மழை பொய்த்து 28 மாவட்டத்தில் 23-ஐப் பேரிடர்ப் பகுதி என்று அறிவித்தார்கள்.

நான் வயல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒன்றரை ஏக்கர் செய்த நன்மையைக் கண்ணால் கண்டவன். முன்னெல்லாம் அந்தப் பிள்ளைகளை வீட்டு இருட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், சூனியம் என்று பேசினார்கள். தாய்கள் அவர்களை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் பார்க்க வேலைக்கு வந்ததும் பேச்சு மாறியது. பச்சைத் துவரங்காய் அவித்து எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உரித்துத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். கைவிரல் மடங்கிப்போன பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் உரித்துக் கொடுப்பாள். துவரை மாறுதான் அடுப்புக்கு விறகு. கஞ்சிக்கு மாவு, அடுப்புக்கு விறகு, ஊரில் ஒரு மரியாதை. இவ்வளவையும் வயல் தரும். சம்பளத்தையும் மாத்திரையையும் அதன் தலையில் கட்டினால்தான் அது முறிகிறது.

ஆப்பிரிக்காவில் அரசாங்கங்கள் எதுவும் செய்வதில்லை என்றும் நினைக்க வேண்டாம். கென்யாவில் கடுமையான ஊனமுள்ளவர் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 2,000 ஷில்லிங் என்று ஒரு திட்டம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பராமரிக்கிறவருக்கென்றே தனி உதவித்தொகை. மலாவியிலும் பரம ஏழைக் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் கொடுக்கும் திட்டம் 2006-இல் ம்சிஞ்சி மாவட்டத்தில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஆனால் நான் இருந்த காலத்தில் ஊருக்குப் பத்தில் ஒரு குடும்பம் என்பது கணக்கு. எங்கள் பத்தொன்பது தாய்களில் நான்கு பேர் பெயர்தான் அதில் இருந்தது. சாத்தூரில் என் அக்கா மகனுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத்தொகை வருகிறது. போதாது. ஆனால் அக்காவிடம் வந்து, ‘முதலில் ஒன்றரை ஏக்கரில் துவரை போட்டு விற்றுக் காட்டு’ என்று யாரும் கேட்டதில்லை.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பணம் அனுப்ப நினைக்கும் வாசகர்களும் நம் ஊர் அறக்கட்டளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடு வாங்கித் தராதீர்கள். இரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், வலிப்பு மாத்திரை, சைக்கிள் வாடகை, இதைப் பத்து வருடத்துக்குத் தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். படம் எடுக்க அதில் ஒன்றும் இருக்காது. வயலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று தில்லிக்கு. 2021-இல் மலாவியோடும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், வருடத்துக்கு 50,000 டன் துவரை, ஐந்து வருடம், 2025-26 வரை. அதன் பிறகும் இந்த வியாபாரம் இருக்கிறவரை, வாங்குவதோ நிறுத்துவதோ எதுவானாலும் நவம்பருக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். விதைக்கும் முன் தெரிந்தால் அவர்கள் வேறு எதையாவது ஊன்றுவார்கள். ஆகஸ்டில் சொன்னால் தராசைத் தூக்கிக்கொண்டு என்னைப்போல ஒருவன்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அந்த நோட்டின் 2016 முதல் 2019 வரையிலான பக்கங்களை நகலெடுத்து வைத்திருக்கிறேன். பெயர்களை மறைத்து, அவர்கள் மொழியில் உள்ளதைத் தமிழில் எழுதித் தரவும் தயார். உங்கள் கட்டுரையாளர் விருதுநகர்ப் பக்கம் வந்தால் தெப்பக்குளத்துக்கு எதிரே எந்தப் பருப்புக் கடையில் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
விருதுநகர்.